தங்கைக்குக் கொடுத்த பாதி

மேடையில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் வழக்கத்தைத் தடை செய்ய யாராவது ஒரு சட்டம் கொண்டுவந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன். தொண்ணூறுகளில் நான் துணைவேந்தராக இருந்தபோது ஏறாத மேடை இல்லை. நூலகத் திறப்பு, விடுதி ஆண்டுவிழா, மில் முதலாளி வீட்டு அறக்கட்டளையின் பரிசளிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். எல்லா இடத்திலும் ஒருவர் எழுந்து என்னைப் பற்றி எனக்கே தெரியாத செய்திகளைச் சொல்வார். அதில் ஒன்று மட்டும் தவறாமல் வரும். "இவர் சட்டத்தை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்ல. தகப்பனார் சொத்தில் சரிபாதியைச் சொந்தத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் பெண்ணுரிமை பேச வந்தார்!" கைதட்டுவார்கள். நான் குனிந்து மேசைமேல் இருக்கும் சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் கொடுக்கவில்லை. அதோடு, பாதி என்பது நான் கொடுக்க வேண்டியதும் அல்ல, அது அவளுடையது. இருபது வருஷம் வாரிசுரிமைச் சட்டம் நடத்தியவனைப் புகழ்கிறவர்களுக்கு இந்தச் சின்ன வித்தியாசம்கூடத் தெரியவில்லையே என்று முதலில் எரிச்சல்தான் வரும். வெட்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும், பிறகு வீடு வரைக்கும் கூடவே வரும்.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனம் உள்ள ஊர் எங்களுடையது. அப்பா வாழைத்தார் வியாபாரத்தில் சம்பாதித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார். கரும்பும் மஞ்சளும் மாற்றி மாற்றிப் போடுவார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மூத்தவன், எனக்குப் பின் தங்கை. அவள் பள்ளிக்கூடத்தோடு நின்றாள், நான் மெட்ராசில் சட்டம் படித்தேன். படித்துவிட்டு வந்து கோவை நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். நீதிபதியைப் பார்த்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், வாய்தா கேட்கக்கூட வராது. சீனியர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்குச் சட்டம் நல்லாத் தெரியுதுங்க. ஆனா அது புஸ்தகத்துக்குள்ளாற இருக்கற வரைக்குந்தான் தெரியுது. பேசாம வாத்தியாராப் போயிருங்க," என்றார்.

கோபம் வந்தது. கோபத்தோடேயே போய்ச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் என் நாக்கு நன்றாகவே புரண்டது. அங்கே எதிர்த்து வாதாட யாரும் இல்லையே.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் பக்கத்துப் பெண்களின் சொத்துரிமை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டால் தகப்பன் வீட்டுக் கணக்கு முடிந்தது. தகப்பன் போன பிறகு கூடப் பிறந்தவன் கூப்பிட்டு அனுப்புவான். அவளும் வந்து, எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்து, ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிடுவார்கள். இதைப் பற்றி நான் காட்டமாக எழுதினேன். ஒரு புடவைக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் ஒரு ஏக்கர் என்று எழுதியது பலருக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. எண்பதுகளின் கடைசியில், பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குச் சமபங்கு என்று நம் மாநிலத்தில் சட்டம் திருத்தப்பட்டபோது அதை விளக்கிப் பேச ஆள் தேவைப்பட்டது. கோவையில் அந்த ஆள் நான்தான். மகளிர் கல்லூரிகள் கூப்பிட்டன, பத்திரிகைகள் கட்டுரை கேட்டன. நானும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா காலமானார். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. அவர் சொந்தமாக வாங்கிய நிலம் என்பதால் எங்களுக்குப் புதிய திருத்தம்கூடத் தேவையில்லை. மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று பழைய சட்டமே சொல்லியிருந்தது. அப்பா போன சோகத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு உற்சாகம் இருந்ததை மறைக்க மாட்டேன். பேசியதைச் செய்து காட்ட ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்து வந்த மகளிர் கல்லூரிக் கூட்டத்திலேயே, என் தங்கையின் பாதியை அவள் பேருக்கே பிரிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அரங்கமே எழுந்து கைதட்டியது. அவளிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கட்டிக்கொடுத்த ஈரோட்டிலிருந்து அவளும் வந்திருந்தாள். பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதி உன்னுது கண்ணு. நான் குடுக்கறதில்ல, சட்டப்படியே உன்னுதுதான். சர்வேயரை வரச்சொல்லி அளந்து கல்லு நட்டுரலாம்," என்றேன்.

"எனக்கு வேண்டாமுங்ணா."

மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். வகுப்பில் நடத்துவதைவிட நன்றாகவே நடத்தினேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"ஊர்ல இருக்கற பொண்ணுகளுக்கெல்லாம் பங்கு கேளுங்கன்னு சொல்றேன். எந் தங்கச்சியே வேண்டாங்கறா. என்னைய என்னன்னு நெனைப்பாங்க?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "ஏனுங்ணா, எங் கழுத்தைப் பாருங்க," என்றாள். மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அவள் வந்ததிலிருந்து கூடவே இருக்கிறேன், நான் கவனிக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் ஈரோட்டில் விசைத்தறி ஓட்டினார். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார், பாசமான மனுஷன். இருந்த ஒரே போதை தறி வாங்குவதுதான். இருக்கிற தறிக்கே ஆர்டர் இல்லாதபோது இன்னொன்று வாங்குவார். கல்யாணத்தில் அப்பா போட்ட நகை அத்தனையும் அந்தக் கொட்டகைக்குள் போயிருந்தது.

"நெலம் எம் பேருக்கு வந்துச்சுன்னா அடுத்த வருசம் அது தறியாப் போயிருமுங்க. அதுக்கடுத்த வருசம் பழைய இரும்பாப் போயிரும். கேட்டாருன்னா என்னால இல்லீன்னு சொல்ல முடியாதுங்ணா. உங்ககிட்டயே கெடக்கட்டும். நானும் எம் பொண்ணும் நாளைக்கு வந்து நிக்கறதுக்கு ஒரு எடம் வேணுமல்லோங்க?"

எனக்கு நீதிபதி முன்னால் நின்றது போலவே நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளே மீதியையும் சொன்னாள். "நீங்க தர்றேன்னு சொன்னது அவருக்குத் தெரியக்கூடாதுங்க. எல்லா ஊட்லயும் போல நீங்க கூப்புட்டீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அதே வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் கடைவீதிப் பக்கம் கையைக் காட்டி, "ஒரு பொடவை எடுத்துக் குடுங்ணா. இல்லாட்டி அவரு சந்தேகப்படுவாரு," என்றாள். நான் புடவை எடுத்துக் கொடுத்தேன். ஓட்டலில் சாப்பாடும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு புடவைக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் என்று எழுதிய கையாலேயே பரிமாறுபவரைக் கூப்பிட்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

இதற்குள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று என் கல்லூரிப் பேச்சைப் போட்டிருந்தது. பிரிக்கப்போகிறேன் என்று நான் சொன்னது, பிரித்துக் கொடுத்தார் என்று அச்சாகியிருந்தது. நல்லவேளையாக அது ஈரோட்டுக்கு எட்டவில்லை. மறுப்பு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் அவள் மறுத்த கதையையும் எழுத வேண்டும், அது பேச்சாகி அவள் வீட்டுக்காரர் காதுக்கும் போகும் என்று எழுதாமல் விட்டேன். இந்தக் காரணம் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருந்தது.

அதன் பிறகு என் வண்டி வேகமாகவே ஓடியது. துறைத் தலைவர், பாடத்திட்டக் குழு, டெல்லியில் கருத்தரங்கு, கடைசியில் துணைவேந்தர் பதவிக்கான பட்டியல். தேர்வுக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "தங்கைக்குப் பாதி கொடுத்தவர் நீங்கள்தானே?" என்று கேட்டார். நான் புன்னகை செய்தேன். சட்டத்தில் மௌனம் எப்போது சம்மதமாகும், எப்போது ஆகாது என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் நான். அன்றைக்கு ஒரு விநாடி பேசியிருந்தால் போதும்.

நான் பதவியேற்றதும் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். என் தங்கை வீட்டுக்காரர் விழாக் குழுவில் ஒருவர். மச்சான் துணைவேந்தர் ஆகிவிட்டார் என்று புது வேட்டி கட்டிக்கொண்டு அலைந்து திரிந்தார். தங்கையும் அவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அறிமுகம் செய்தவர் என் பழைய மாணவர், அப்போது அங்கே வக்கீல். அவர் வாயிலிருந்து அந்த வரி வரப்போகிறது என்று தெரிந்து அவரைத் திரும்பிப் பார்த்தேன், கையைக்கூட லேசாக ஆட்டினேன். நான் அடக்கத்தால் தடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார்.

"அந்தத் தங்கையும் இதோ நம் முன்னால்தான் அமர்ந்திருக்கிறார்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். நான் அதன் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"ஏனுங்ணா, அவரு சோறு உங்கலீங்க. குடுத்தாருன்னா அது எங்கேங்கறாரு. குடுக்கலீன்னா மேடையில எதுக்குச் சொல்றாங்கங்கறாரு. நாந்தான் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டனோன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, அப்புறம் மொகத்தைத் திருப்பீட்டாரு. தறி அத்தனையும் நிக்குதுங்ணா. கடன்காரன் வாசல்ல வந்து உக்காந்திருக்கான். நான் வேண்டாமுன்னது தெரிஞ்சா இந்த ஊட்ல நான் எப்படியுங்க இருக்கறது?"

"நான் என்ன பண்ணோணும், சொல்லு கண்ணு."

"நீங்க தர்றேன்னு சொல்லவே இல்லீன்னு வந்து சொல்லீருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அந்தப் புடவைக்குப் பிறகு என்னிடம் அவள் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கையை ஏமாற்றியவன் என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். யோசித்தேன் என்பதைச் சொல்லவே கூசுகிறது, ஆனால் யோசித்தேன். இது ஈரோட்டோடு நிற்குமா, கோவைக்கு வருமா, பல்கலைக்கழக சிண்டிகேட் உறுப்பினர் காதில் விழுமா என்றெல்லாம் கணக்குப் போட்டேன். அப்புறம் என்மேலேயே கோபம் வந்து டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னேன். பெருந்துறை தாண்டும்வரை வாக்கியங்களைச் சரிசெய்துகொண்டே போனேன். அவர் காறித் துப்பினாலும் பேசாமல் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அதில் ஒரு திருப்திகூட இருந்தது.

அவர் வீட்டுக் கூடத்தில் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். தனியாகப் பேசலாமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. தங்கை சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"மாப்ளே, மேடையில சொன்னது நெசமில்லீங்க," என்றேன். "தங்கச்சிக்குப் பாதி தர்றேன்னு நான் சொன்னதும் இல்ல, தந்ததும் இல்ல. எல்லாரையும் போலக் கூப்புட்டேன், கையெழுத்து வாங்கினேன். வேண்டாமுன்னு அவ சொல்லல. நான் அவளைக் கேக்கவே இல்ல."

நான் தலை குனிந்து காத்திருந்தேன்.

"அதானே பாத்தேன்!" என்றார் அவர். நிமிர்ந்து பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங் மச்சான், இதுக்குப் போயி இத்தனை தூரம் வரோணுங்களா? மேடைன்னா நாலும் சொல்லத்தான் சொல்லுவாங்க. நானுங்கூட, என்னடா இவுரு நம்ம வழக்கமெல்லாம் தெரியாத ஆளா இருக்காரேன்னு பாத்தேன். நீங்க வெவரமான ஆளுங்க மச்சான்!"

பக்கத்துத் தறிக்காரரும் தொடையைத் தட்டிக்கொண்டார். "பேசற எடத்துல பேசோணும், வாங்கற எடத்துல வாங்கோணும். படிச்சவிய படிச்சவியதான்," என்றார்.

அன்றுவரை அந்த வீட்டில் எனக்கு மரியாதைதான் இருந்தது. என் முன்னால் அவர் கால்மேல் கால் போட்டதில்லை, சத்தமாகச் சிரித்ததில்லை. அன்றைக்குத்தான் தோளில் கை போட்டார். இளநி வெட்டச் சொன்னார். கோழி அடிக்கட்டுமா என்று கேட்டார். செருப்படி வாங்கத் தயாராகப் போனவனுக்கு உபசாரம் நடந்தது. அதைவிடச் செருப்படி தேவலை என்று இளநிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன். தங்கை கார்வரை வந்தாள். "பெரிய உபகாரமுங்ணா," என்றாள். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கத்துத் தறிக்காரர் கோவையில் என் பங்களாவுக்கு வந்தார். பார்வையாளர் அறையில் ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். கூட அவருடைய அக்கா, என்னைவிட வயதில் பெரியவர். காலேஜ் சீட்டுக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"எங்கக்கா கையெழுத்துப் போடமாட்டேங்குதுங்க சார்," என்றார். "நீங்க பேப்பர்ல எழுதினதைப் படிச்சுப்போட்டு எம் பாதி வேணுமுன்னு ஒரே புடியா நிக்குது. எழுதினவரே தங்கச்சிகிட்ட வாங்கியிருக்காருன்னு சொன்னா நம்பமாட்டேங்குது. செரி, நேர்லயே கேட்டுக்கட்டுமுன்னு கூட்டியாந்துட்டனுங்க."

நீதிமன்றத்தில் ஒரு முன்தீர்ப்பை எடுத்துக் காட்டிவிட்டால் எதிர்த்தரப்பு வாயடைத்துப் போகும். என்னையே முன்தீர்ப்பாகப் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர்.

"அம்மா, நீங்க கையெழுத்துப் போடாதீங்க," என்றேன். "பாதி உங்களுது. அவர் குடுக்கறதில்ல, உங்களுதேதான்."

தம்பி சிரித்துவிட்டார். "அது மேடைக்குங்க சார். இப்ப நமக்குள்ள பேசலாமுங்க."

அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங் சாமி, உங்க தங்கச்சி போட்டாங்களாங்க?"

இல்லை என்று சொன்னால் ஈரோட்டில் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஏன் போட்டாள் என்று சொன்னாலும் தெரிந்துவிடும்.

"போட்டாங்க," என்றேன்.

"போட்டுட்டு நல்லா இருக்காங்களா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. வீட்டில் இழவே விழுந்திருந்தாலும், வெளியாள் கேட்டால் நம் வீட்டுப் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். தங்கையின் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிறும், வாசலில் உட்கார்ந்திருந்த கடன்காரனும் என் கண்முன் வரத்தான் செய்தன. ஆனால் வாய் பழக்கப்பட்டதைச் சொல்லிவிட்டது.

"நல்லா இருக்காங்க."

"அப்பச் செரிங்க," என்றார் அந்த அம்மா. பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். நான் பின்னாலேயே வாசல்வரை போய்ச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே படியிறங்கினார்.

அடுத்த வாரம் தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம். "அந்தம்மா போட்டுருச்சுங்க மச்சான். எத்தனையோ பேரு சொல்லிப் பாத்தாங்க, கேக்கலை. நீங்க சொன்ன ஒரே வார்த்தைங்க!"

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை.